அயல்வீட்டில் சொன்ன கதை

தில்லித் தமிழர்க்கெல்லாம் பொதுவாகிய ஊர் ஒன்று உண்டென்றால் அது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வண்டியே என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. யாம் 1969ஆம் ஆண்டு முதன்முதலாக அவ்வண்டியில் ஏறித் தலைநகர் நோக்கிப் புறப்பட்டபோது மூன்றாம் வகுப்பு இருந்தது. 1974இல் அதனை எடுத்துவிட்டார்கள். இரண்டு இரவும் ஒரு பகலும் அம்மரப்பலகையின்மேல் அமர்ந்து வந்தபோது, எதிரே இருந்த பெரியவர் ஒருவர் தம் மூத்த மகன் சொத்தைப் பிரித்துக்கொண்டு போனதையும், இளைய மகளுக்கு வரன் அமையாததையும், மனைவி இறந்தபின் தாம் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் எமக்குச் சொன்னார். நாகபுரியில் ஆரஞ்சுப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தார். விளக்கு வைத்த பின்னர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, எவரிடமும் இதுவரை சொன்னதில்லை என்ற முன்னுரையோடு இன்னொன்றையும் சொன்னார். புது தில்லி நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வருகிறேன் தம்பி" என்று சொல்லிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். அவர் பெயரை யாம் கேட்கவில்லை. அவரும் எம் பெயரைக் கேட்கவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் கடைசியாகச் சொன்ன செய்தி எம்மிடம் பத்திரமாக இருக்கிறது. அதனைப் பெறுவதற்கு எமக்கு என்ன தகுதி இருந்தது என்று அன்று விளங்கவில்லை. வயது இருபத்து மூன்று. சட்டைப்பையில் வேலை நியமன ஆணை. தில்லிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கப் பணம் போதுமா என்பது ஒன்றே கவலை. முகத்தில் ஞானக்களை ஏதும் இருந்திருக்க முடியாது. வண்டி நின்றவுடன் யாம் மறைந்துபோய்விடுவோம் என்பதே எம் தகுதி என்பது பின்னாளில்தான் புரிந்தது. (இப்போதும் ஆண்டுக்கொரு முறை அவ்வழியே போய் வருகிறோம். எதிரே இருப்பவர் கைப்பேசியில் தம் குடும்பச் செய்தி முழுவதையும் பெட்டி முழுவதும் கேட்கும்படி யாருக்கோ சொல்லுகிறார். எம்மிடம், "சார்ஜ் போடும் இடம் எங்கே?" என்று மட்டும் கேட்கிறார்.)

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. தலைவி தோழியிடம் சொல்லுகிறாள், நெஞ்சோடு சொல்லுகிறாள், நாரையையும் அலையையும்கூட விளித்துச் சொல்லுகிறாள். பெற்ற தாயிடம் மட்டும் சொல்ல மாட்டாள். தாய்க்கு அதனைச் சொல்லும் பொறுப்பு செவிலியுடையது. செவிலிக்குச் சொல்லும் பொறுப்பு தோழியுடையது. அறத்தொடு நிற்றல் என்று அதற்குத் துறைப்பெயரும் வைத்தார்கள். கல்லூரியில் இதனைப் படித்தபோது, இஃதென்ன சுற்றுவழி, ஒரே வீட்டில் இருக்கும் தாயிடம் நேரே சொன்னால் ஆகாதா என்று எமக்குத் தோன்றியது. இப்போது அவ்வாறு தோன்றுவதில்லை. அதற்குக் காரணம் எம் அன்னையார்.

தந்தையார் மறைந்தபின், 1976ஆம் ஆண்டில், அன்னையார் தாமிரபரணிக் கரையை விட்டு எம்மோடு வந்து சேர்ந்தார். அப்போது நாங்கள் லஜ்பத் நகரில் குடியிருந்தோம். 1947இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. அந்நாளில் தில்லிக்கு வந்து சேர்ந்த அகதிகள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் என்பது 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கு. சிறுசிறு வீடுகள், மார்பளவுச் சுவர் ஒன்றே வீட்டுக்கு வீடு எல்லை. அச்சுவரின் அப்பால் லாயல்பூரிலிருந்து வந்த குடும்பம். அவ்வீட்டு மூதாட்டியை அனைவரும் 'பீஜி' என்றே அழைத்தனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அவரும் எம் அன்னையாரும் ஏறக்குறைய ஒரே வயதினர்.

அன்னையாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அதுவும் நெல்லைத் தமிழ். பீஜிக்குப் பஞ்சாபி, இந்தியையும் பஞ்சாபியின் ஓசையிலேயே பேசுவார். முதற்குளிர்காலத்தில் இருவரும் வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அமர்ந்து, பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசாமல் இருந்ததை யாம் பார்த்திருக்கிறோம். அடுத்த குளிர்காலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் என்று கேட்டால் விடை சொல்வது அரிது. அன்னையார் கற்றுக்கொண்ட இந்திச் சொற்கள் இருநூறுக்கு மேல் இரா. வினைமுற்றில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எம்மை வருகிறாள் என்றும் எம் துணைவியாரைப் போகிறான் என்றும் இந்தியில் சொல்லுவார். பீஜி சிரிப்பார், திருத்த மாட்டார்.

சுவர்மேல் பாத்திரங்கள் போய் வந்தன. அங்கிருந்து கடுகுக்கீரைக் கடைசலும் சோள ரொட்டியும் வரும். கடுகெண்ணெயின் நெடியை அன்னையார் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆயினும் ஒரு கவளமாவது உண்ணாமல் இருந்ததில்லை. இங்கிருந்து சொதியும் கூழ்வற்றலும் போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது, ஒரு பிடி சர்க்கரையாவது இட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பஞ்சாபியர் வழக்கமும் அதுவே என்று கண்டபோது அன்னையார் கொண்ட மகிழ்ச்சியை எம்மால் மறக்க இயலாது. தாம் அயலூரில் இல்லை என்பதற்கு அவருக்குக் கிடைத்த முதற்சான்று அது என்று நினைக்கிறோம்.

1982ஆம் ஆண்டு சூன் மாதம் எங்கள் மகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. வயது நான்கு. வெளியே அனற்காற்று. அருகிலிருந்த மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்னையாரும் உடன் வந்தார். மருத்துவர் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அது தீர்ந்துபோனால் வீட்டிலேயே செய்துகொள்ள வழியும் சொன்னார். கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய சிறுகரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரைக் கரண்டி. குழந்தை கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அன்னையார் எம் தோளைத் தொட்டு, "ஐயா, தண்ணி கொடுத்தா இன்னும்லா போகும்? கொடுக்கலாமான்னு கேளு" என்றார். யாம் கேட்டோம். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "கொடுக்காவிட்டால்தான் அம்மா குழந்தை போய்விடும், தண்ணீர்தான் மருந்து" என்றார். அவர் சிரித்துச் சொன்னதை யாமும் சிரித்தே தமிழில் சொன்னோம்.

மகள் இரண்டு நாளில் எழுந்து விளையாடினாள். அன்னையார் அன்றிரவு உணவு கொள்ளவில்லை, தலைவலி என்றார். மறுநாள் காலையில் எவரிடமும் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய், பெரியதொரு மண்பானையை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசற்கதவின் அருகே நிழலில் வைத்து, நீர் நிரப்பி, குவளை ஒன்றைச் சங்கிலியால் கட்டி வைத்தார். தெருவில் போகிறவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வாண்டு முதல் ஒவ்வொரு கோடையிலும் அது நடந்தது. பானை கசிந்தாலும், குவளை திருடு போனாலும் விடமாட்டார். வடநாட்டாரின் பியாவூ வழக்கத்தைக் கண்டு அதனைப் பின்பற்றுகிறார் என்று எண்ணினோம். நம் பக்கத்துத் தண்ணீர்ப்பந்தல்தானே என்று பெருமையும் கொண்டோம். பிள்ளைகள் பெற்றோரைப் பற்றிக் கொள்ளும் விளக்கங்கள் பெரும்பாலும் இத்தகையவையே.

1984ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டதும், அடுத்த மூன்று நாள்கள் தில்லியில் சீக்கியர் வேட்டையாடப்பட்டதும் இந்நகரில் அன்று இருந்த எவரும் மறக்கக்கூடியவை அல்ல. எங்கள் தெருவில் இருந்த சீக்கியக் குடும்பம் ஒன்றைப் பீஜியின் மக்கள் தம் மாடியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆடவர் அனைவரும் கையில் கிடைத்த கோலை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இரவுக்காவல் நின்றோம். யாம் பிடித்திருந்தது கிரிக்கெட் மட்டை. எங்கள் வீட்டுப் பெண்கள் பீஜியின் வீட்டுக்குப் போயினர். பிள்ளைகள் உறங்கியபின் மாடிப்படியில் பீஜியும் அன்னையாரும் விளக்கின்றி அமர்ந்திருந்தார்கள் என்று எம் துணைவியார் பிறகு சொன்னார். பீஜி அழுதுகொண்டே எதையோ சொன்னாராம். பின்னர் அன்னையாரின் குரல் கேட்டதாம். "அத்தை என்ன சொன்னாங்கன்னு தெரியல. அவ்வளவு நேரம் அவங்க இந்தியில பேசி நான் கேட்டதே இல்ல" என்றார்.

அன்னையார் 1991ஆம் ஆண்டு தில்லியிலேயே மறைந்தார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் உணவருந்திச் சென்றபின், பீஜி எம்மை அழைத்தார். "உன் அக்காவுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டாயா?" என்று கேட்டார்.

எமக்கு அக்கா இல்லை என்றோம். யாமே மூத்தவர் என்றோம். பீஜி சற்று நேரம் எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டதை அவர் உணர்ந்தது அப்போதுதான்.

யாம் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1944ஆம் ஆண்டுக் கோடையில், ஊரில் வாந்திபேதி பரவியபோது எங்கள் அன்னையாரின் முதற்பெண் மூன்று வயதில் இறந்துபோயிருக்கிறாள். நோய் கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று எங்கள் பாட்டியார் தடுத்திருக்கிறார். குழந்தை ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் கேட்டிருக்கிறது. அன்னையார் மாமியார் சொல்லைத் தட்டவில்லை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டின் பின்கட்டைத் திறந்தால் ஆறு.

பீஜியிடம் அவர் அதனைச் சொல்லப் பயன்படுத்திய சொற்கள் எவை என்று பின்னர் ஒருநாள் கேட்டோம். பீஜி எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "பச்சீ. பானீ மாங்கா. நஹீ தியா." குழந்தை. தண்ணீர் கேட்டது. கொடுக்கவில்லை. அதன்பின் மருத்துவர் சொன்னதையும், யாம் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்ததையும் சொல்லியிருக்கிறார்.

எம் உள்ளத்தில் முதலில் எழுந்தது துயரம் என்று எழுதினால் அது பொய்யாகும். முதலில் எழுந்தது மனத்தாங்கல். பதினைந்து ஆண்டுகள் எம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார். தலைவலிக்கு யாம் தைலம் தேய்த்திருக்கிறோம். இராமேசுவரத்துக்கும் காசிக்கும் அழைத்துச் சென்றிருக்கிறோம். காசியில் கங்கைக் கரையில் நின்றபோதுகூடச் சொல்லவில்லை. மொழி தெரியாத அயல்வீட்டுப் பெண்மணியிடம் மாடிப்படியில் சொன்னது எதனால்? இக்கேள்வி எம்மை நெடுநாள் அலைத்தது. அது பற்றிப் படித்தவையும் எண்ணியவையும் பலவுள, பயன்பட்டவை சிலவே.

ஜெர்மானிய அறிஞர் கியார்க் சிம்மல் 1908இல் அந்நியனைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில், நெருங்கியவர்க்கு ஒளித்து வைப்பனவற்றையெல்லாம் மாந்தர் அந்நியனிடம் ஒப்புவிக்கின்றனர் என்பதைக் குறித்திருக்கிறார். அவன் எக்கட்சியையும் சேராதவன். அவனிடம் சொன்னது குடும்பத்தில் எந்தக் கணக்கையும் மாற்றாது. ரயிலில் கண்ட பெரியவர்க்கு இது முற்றும் பொருந்தும். பீஜியோ வண்டி நின்றதும் இறங்கிப் போகிறவர் அல்லர். நாள்தோறும் சுவர்மேல் முகம் காட்டுகிறவர்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பென்னபேக்கர் என்னும் உளவியலார் தம் மாணவி ஒருவருடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வும் புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள்கள், தம் வாழ்வின் பெருந்துன்பத்தைப் பெயரிடாத தாளில் எழுதச் செய்தார்கள். நிகழ்ச்சியோடு தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரிடம் சென்றது குறைவாக இருந்தது. எழுதி முடித்த அன்றைக்கு மட்டும் அவர்கள் மனச்சோர்வு மிகுந்து, இரத்த அழுத்தமும் கூடியிருந்தார்கள். சொன்னால் பாரம் குறையும் என்கிறவர்கள் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை. 1984ஆம் ஆண்டு நவம்பரில் சில நாள்கள் அன்னையார் காய்ச்சலில் படுத்திருந்தார். குளிர் தொடங்கும் பருவம் என்று அப்போது நினைத்தோம்.

நூல்களில் எமக்கு மிக நெருக்கமாக வந்தது, இதே வடநாட்டில் எழுதப்பட்ட பழைய நூல் ஒன்று. பனாரசீதாசர் என்னும் சமண வணிகர் 1641இல் ஆக்ராவில் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் தம் வரலாற்றைப் பாட்டாக எழுதி, மனிதன் ஆயுள் நூற்றுப்பத்து என்ற கணக்கால் அதற்குப் 'பாதிக்கதை' என்னும் பொருள்பட அர்த்தகதானகம் என்று பெயரிட்டார். வாணிகத்தில் முதலிழந்து ஆக்ராவில் திண்டாடிய நாளில், அவர் இரவில் கதைநூல்களை இசையோடு படிப்பார். பத்திருபது பேர் வந்து கேட்பர். அவர்களுள் கசோரி விற்பவன் ஒருவன். நாள்தோறும் அவனிடம் கடனாகக் கசோரி வாங்கி உண்டு வந்த பனாரசீதாசர், ஒருநாள் அவனைத் தனியே அழைத்து, தம்மிடம் காசே இல்லை, இனிக் கடன் தரவேண்டா என்று உண்மையைச் சொன்னார். அவனோ, 20 ரூபாய் வரையில் உண்ணுங்கள், எவரும் ஒன்றும் கேட்கமாட்டார் என்றான். தமக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளும் இறந்ததையும் அவர் அதே நூலில், அதே குரலில் சொல்லிச் செல்கிறார். ஊரில் பெரிய வணிகர் பலர் அவருக்கு உறவினர். அவர்களிடம் சொல்லாததைக் கசோரிக்காரனிடம் சொல்ல முடிந்தது. அவன் ஏற்கெனவே அவருக்கு உணவளித்தவன். அவ்விடத்தைப் படித்தபோது எமக்குச் சுவர்மேல் வைத்த பாத்திரங்கள் நினைவில் வந்தன.

அன்றிரவு முதலில் சொன்னவர் பீஜி. ஊர்வசி புட்டாலியா 1998இல் வெளியிட்ட நூலில், நாற்பது ஆண்டுகளாக வாய் திறவாமல் இருந்த பிரிவினைக்காலப் பெண்களின் கதைகளைத் தொகுத்திருக்கிறார். 1984ஆம் ஆண்டின் கொடுமையே தம்மை அப்பணிக்குத் திருப்பியது என்றும் எழுதியிருக்கிறார். மீண்டும் நெருப்பைக் கண்டபோது பழைய நெருப்பு வாயில் வந்துவிட்டது. லாயல்பூரிலிருந்து பல்லோக்கி அணை வழியாக மாட்டுவண்டியும் கால்நடையுமாக வந்த பெருங்கூட்டங்களில் பீஜியின் குடும்பமும் ஒன்று. அவ்வழியில் நிகழ்ந்த ஒன்றை அவர் அன்னையாரிடம் சொன்னார். பின்னர் எம்மிடமும் சொன்னார். அதனை யாம் இங்கே எழுதப் போவதில்லை; அது எங்கள் வீட்டுக் கதையன்று. எழுதக்கூடியது இவ்வளவே: அதனைக் கேட்டபின் வெறும் பாத்திரத்தைத் திருப்புவதற்கு எம் அன்னையாரால் இயன்றிராது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்னையார் இதனைத் தமிழில் சொல்லத் தொடங்கியிருந்தால், "ஒங்க பாட்டி" என்று தொடங்கியிருக்க வேண்டும். அத்தையோ சித்தியோ அன்று வீட்டில் இருந்தார்களா, தந்தையார் எங்கே போயிருந்தார், ஏன் அவர் தடுக்கவில்லை என்று ஒவ்வோர் உறவுப்பெயரும் ஒரு வழக்காகியிருக்கும். இருநூறு சொல் இந்தியில் குற்றம் சாட்டுவதற்கு இடமில்லை. மூன்று வாக்கியங்களில் யார் கொடுக்கவில்லை என்பதற்கு எழுவாய்கூட இல்லை.

இங்கேதான் எம் மனத்தாங்கல் கரைந்தது. எங்களை வளர்த்தவர் பாட்டியார். அன்னையார் வயலுக்கும் தொழுவத்துக்கும் போக, எங்கள் மூவருக்கும் சோறூட்டி, கதை சொல்லி, மடியில் உறங்கவைத்தவர் அவர். அவர் இறந்தபோது தம்பி மூன்று நாள் உண்ணவில்லை. அன்னையார் எங்களிடம் இதனைச் சொல்லியிருந்தால் எங்கள் பாட்டியை எங்களிடமிருந்து பறித்தவராகியிருப்பார். அவர் அதனைச் செய்யவில்லை. மாமியாருக்கு எண்ணெய் தேய்த்து, இறுதிக்காலத்தில் படுக்கை மாற்றி, வாயில் பாலும் வார்த்தார். பாலுக்கு முன் தண்ணீர் வார்த்ததை யாமே பார்த்தோம்.

பாட்டியாரின் மேல் குற்றமும் இல்லை. குடலுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி உணவையும் நீரையும் நிறுத்தும் வழக்கம் அக்காலத்தில் படித்த மருத்துவரிடையேயும் இருந்தது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் பேதி நடக்கும்போதே குடல் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. 1971இல் வங்கதேசப் போரின்போது வங்காளத்து எல்லையில் பொன்காவ் அகதி முகாமில், சிரை வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிசு இக்கரைசலைப் பெரும்பீப்பாய்களில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இந்நூற்றாண்டின் மிக முதன்மையான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழ் 1978இல் எழுதியது. அவர் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. செய்தித்தாளில் அதனைப் படித்த அன்று யாம் வேறெதையும் படிக்கவில்லை.

சொல்லுவதெல்லாம் நன்று என்று யாம் வாதிடவில்லை. சங்க மலர்களில் தம் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் அன்பர்கள், எந்த அமைச்சர் தம் தோளில் கைவைத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வதை நாம் அறிவோம். யாமும் அவ்வாறு எழுதியிருக்கிறோம். கதையைக் கேட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் அலராக்குகிறவர்களும் உளர். எம் அனுபவத்தில் ஒன்று. பாட்டியாரைப் பற்றிய பேச்சு வருமே என்று அஞ்சியும், சொல்லாமல் இருக்க முடியாமலும், அதே 1991ஆம் ஆண்டில் தம்பிக்கும் தங்கைக்கும் இச்செய்தியைத் தொலைபேசியில் சொன்னோம். சென்னையிலிருந்த தம்பி, அந்தப் பஞ்சாபி அம்மாளுக்கு மொழி புரியாமல் ஏதோ சொல்லியிருப்பார் என்றார். இன்றுவரை அவர் நிலை அதுவே. கோயம்புத்தூரிலிருந்த தங்கை, "இத்தனை வருசம் கழிச்சு ஆச்சியைக் குத்தம் சொல்லவா அண்ணே போன் போட்ட?" என்று கேட்டு, பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா எங்களிடம் சொல்லாமற்போனதன் காரணத்தை அன்றிரவு யாம் நேரிற்கண்டோம்.

மூன்று மாதம் கழித்துத் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "அவ பேரு என்ன அண்ணே?" என்றார்.

எமக்குத் தெரியவில்லை. தந்தையாரின் உடன்பிறந்தோர் எவரும் அப்போது உயிரோடு இல்லை. ஊரில் கேட்டறியத்தக்க முதியவரும் இல்லை. குளிர்கால மாலை. சுவரருகே சென்று பீஜியை அழைத்தோம். பீஜிக்குத் தெரிந்திருந்தது. தயங்காமல் சொன்னார். தமிழ்ப் பெயர்தான், ஆனால் பஞ்சாபி நாவில் ஓரெழுத்து இரட்டித்து, இறுதி உயிர் குறுகி, நடுவில் ஒரு மெல்லெழுத்து வேறாகி ஒலித்தது. இருமுறை கேட்டோம், இருமுறையும் அவ்வாறே சொன்னார். அது இரண்டு தமிழ்ப் பெயர்களுள் எதுவாகவும் இருக்கலாம். பழைய விதியை மதித்து அவ்விரண்டையும் இங்கே எழுதாது விடுகிறோம்.

தங்கைக்கு இரண்டையும் சொன்னோம். அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார். பீஜி 1998இல் மறைந்தார். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் அன்னையாரின் திதியன்று நீர் விடும்போது, யாம் பீஜி சொன்ன ஒலியிலேயே அப்பெயரைச் சொல்லிவருகிறோம்.